வீட்டில் நெருப்புப் பிடித்தால்: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். ஒரு வீட்டுக்கு ஹோல்டர் மாற்றப் போனால் தேத்தண்ணி வரும், தேத்தண்ணியோடு கேள்வியும் வரும். "தம்பி, இந்த வயர் சுடுது, பரவாயில்லையா?", "கேஸ் மணக்குது, ஒருக்காப் பாருங்கோவன்." மாதர் சங்கக் கூட்டங்களிலும் இதே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். வரிசை ஒன்றும் கிடையாது, கேட்டவை நினைவுக்கு வந்தபடி.

தீப்பிடித்தால் எந்த இலக்கத்துக்கு அடிப்பது?

110. அது தீயணைப்புக்கான இலக்கம். யாரும் எடுக்கவில்லை என்றால் பொலிஸ் 119, அவர்கள் தகவலைக் கடத்திவிடுவார்கள். யாருக்காவது காயம் என்றால் 1990 அம்பியூலன்ஸ். மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்சார சபைக்கு 1987. இவற்றோடு உங்களுக்குக் கிட்ட உள்ள மாநகர சபைத் தீயணைப்புப் பிரிவின் நேரடி இலக்கத்தையும் இன்றைக்கே சபையில் கேட்டு, குசினிக் கதவின் பின்பக்கம் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். போனில் மட்டும் பதிந்து வைத்தால் போதாது, அந்த நேரத்தில் போனே எரிகிற அறைக்குள் கிடக்கலாம்.

இடம் சொல்லும்போது "பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் மாவட்டத்தில் பிள்ளையார் கோயில் இல்லாத ஊர் எது? ஊர், பிரதான வீதி, எத்தனையாவது ஒழுங்கை, அந்த ஒழுங்கைக்குள் பெரிய வண்டி திரும்புமா திரும்பாதா, கிட்ட கிணறோ குளமோ இருக்கிறதா, உள்ளே ஆள் மாட்டியிருக்கிறார்களா, இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒரு பிள்ளையை டோர்ச்சோடு பிரதான வீதிக்கு அனுப்புங்கள்.

தீயணைப்பு வண்டி எவ்வளவு நேரத்தில் வரும்?

நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் பக்கத்தில் தீயணைப்பு என்பது மாநகர சபையின் வேலை. மட்டக்களப்பு மாநகர சபையில் ஒரு பிரிவு, அம்பாறை மாவட்டக் கரையோரத்துக்குக் கல்முனை மாநகர சபையில் ஒரு பிரிவு. ஊருக்கு ஊர் நிலையம் கிடையாது. புளியந்தீவிலோ கல்லடியிலோ இருப்பவருக்கு வண்டி சீக்கிரம் வரும். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருப்பவரின் கதை வேறு. வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுக்கு, மண்முனைப் பாலம் தாண்டி கொக்கட்டிச்சோலைக்கு, அங்கிருந்து இன்னும் உள்ளே கிரவல் பாதையில் என்று வண்டி வந்து சேர்வதற்குள் ஒரு கிடுகுக் கூரை எரிந்து சாம்பலாகி, சாம்பலும் ஆறியிருக்கும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தைப் படகுப் பாதையில்தான் கடந்தோம் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

இதைத் தீயணைப்புப் படையினரைக் குறை சொல்ல எழுதவில்லை. அவர்கள் பறந்து வரமுடியாது. முதல் ஐந்து நிமிடமும் உங்கள் கையில்தான் இருக்கிறது, இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கும் மீதி எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியதுதான்.

அப்போ வண்டி வரும்வரை என்ன செய்வது?

ஆட்களை வெளியே எடுங்கள். எரிகிற அறையின் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், சாதாரணப் பலகைக் கதவுகூடப் புகையைக் கொஞ்ச நேரம் தடுக்கும். மெயின் சுவிட்ச் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் நிறுத்துங்கள். புகை நிறைந்திருந்தால் குனிந்து, தேவைப்பட்டால் தவழ்ந்து வாருங்கள், நல்ல காற்று நிலத்தோடுதான் இருக்கும். வெளியே வந்தபின் ஆட்களை எண்ணுங்கள். அப்புறம் ஒருவரும் உள்ளே போகக்கூடாது, காணி உறுதிக்கும் இல்லை, நகைக்கும் இல்லை. உறுதி, அடையாள அட்டைகளை இப்போதே படம் எடுத்து வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைத்திருந்தால் அந்தத் தவிப்பே வராது.

இரவில் கிறில் பூட்டித்தானே படுக்கிறோம், கள்ளனுக்குப் பயந்து. அது பிழையா?

பூட்டுவது பிழையில்லை. திறப்பு எங்கே என்று தெரியாமல் படுப்பதுதான் பிழை. என்னைக் கேட்டால் நம் வீடுகளின் பெரிய ஆபத்து கேஸும் இல்லை, கரண்டும் இல்லை, இதுதான். யன்னல் எல்லாம் இரும்புக் கம்பி, முன்வாசலில் கிறில், அதில் ஒரு தொங்குபூட்டு, பின்கதவில் இன்னொன்று. திறப்புக்கோர்வை அப்பாவின் தலையணைக்குக் கீழே, அல்லது அலுமாரிக்குள், அல்லது "இங்கதானே வச்சனான்".

ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இதைச் செய்து பாருங்கள். எல்லா லைட்டையும் நிறுத்திவிட்டு, வீட்டில் இளைய பிள்ளையிடம் "கிறிலைத் திற" என்று சொல்லுங்கள். நான் எங்கள் வீட்டில் செய்து பார்த்தேன். மகளுக்கு 10 வயது. திறப்பைத் தேடி எடுத்துவிட்டாள், ஆனால் கோர்வையில் 9 திறப்பு, எது கிறிலுக்கு என்று இருட்டில் தெரியவில்லை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். நான் சுவரில் சாய்ந்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன், நூறு தாண்டியும் பூட்டுத் திறக்கவில்லை. அடுத்த நாளே கிறில் திறப்பைத் தனியே கழற்றி, அதில் ஒரு சிவப்புத் துணி முடிச்சுப் போட்டு, கதவுக்கு உட்புறம், வெளியிலிருந்து கை விட்டால் எட்டாத, ஆனால் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணியில் தொங்கவிட்டேன். செலவு ஒரு ஆணி.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு யன்னல் கம்பியையாவது உள்ளிருந்து கொளுவி கழற்றித் திறக்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். வெல்டிங் பாஸ் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

தாச்சியில் எண்ணெய் தீப்பிடித்துவிட்டது. தண்ணீர் ஊற்றலாமா?

ஐயோ, வேண்டாம். தண்ணீர் எண்ணெயை விடப் பாரம், நேரே அடிக்குப் போகும். அங்கே இருக்கும் சூட்டில் அந்தக் கணமே ஆவியாகும், ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். விரிகிற ஆவி எரிகிற எண்ணெயைத் தூக்கி வீசும், முகட்டுக்கு, திரைச்சீலைக்கு, உங்கள் முகத்துக்கு.

அடுப்பை நிறுத்துங்கள். தாச்சியை விடப் பெரிய மூடியையோ தட்டையோ முன்பக்கமிருந்து பின்பக்கமாகச் சரித்து மூடுங்கள், மேலிருந்து தொப்பென்று போடாதீர்கள். மூடி இல்லை என்றால் பருத்தித் துவாயை நனைத்து, நன்றாகப் பிழிந்து, சொட்டுத் தண்ணீர் விழாத ஈரத்தோடு விரித்து மூடுங்கள். தாச்சியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடக்கூடாது. ஓடினால் காற்றில் சுவாலை உங்கள் பக்கம் திரும்பும், கை சுடும், எண்ணெய் காலில் கொட்டும். அப்புறம் மூடியை உடனே திறந்து பார்க்கிற ஆசை வரும். எண்ணெய் ஆறும்வரை, ஒரு அரை மணித்தியாலமாவது, தொடாதீர்கள். சூடான எண்ணெய்க்குக் காற்றுப் பட்டால் திரும்பவும் பிடிக்கும்.

கேஸ் மணக்கிறது. முதலில் என்ன செய்வது?

சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம். சிலிண்டர் வால்வை மூடுங்கள், கதவு யன்னலைத் திறங்கள், ஆட்கள் வெளியே. யன்னலை விடக் கதவுதான் முக்கியம். இந்த வாயு காற்றை விடப் பாரமானது, புகை மாதிரி மேலே போகாது, தண்ணீர் மாதிரி நிலத்தில் பரவி மூலையில் தேங்கும். அதனால்தான் சிலிண்டரை அடைத்த அலுமாரிக்குள்ளோ பள்ளத்திலோ வைக்காதீர்கள் என்கிறோம். அந்த நாற்றமும் வாயுவின் சொந்த நாற்றமில்லை, கசிந்தால் தெரியட்டும் என்று சேர்க்கிற மெர்கப்டன் என்ற இரசாயனம்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை யாரும் மறந்திருக்க முடியாது. நாடு முழுக்கக் கேஸ் அடுப்புகள் வெடித்தன, சிலிண்டருக்குள் புரொப்பேன் பியூட்டேன் கலவை மாறியது பெரிய பிரச்சினையாகி, அதை ஆராய்வதற்குக் குழுவே போட்டார்கள். அந்த நாட்களில் எங்கள் மாமி சிலிண்டரை முற்றத்தில் மாமரத்துக்குக் கீழே வைத்துவிட்டு, ஒரு கிழமை விறகடுப்பில்தான் சமைத்தார். கலவையில் நீங்களும் நானும் ஒன்றும் செய்யமுடியாது. குழாயும் கிளிப்பும் ரெகுலேட்டரும் நம் கையில்.

மாமி வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். அடுப்பு மேடைக்குப் பின்னால் குழாய் போகிற இடத்தில் எலி கடித்த தடம், இரண்டு பல் அகலம், உட்புறத் துணி இழை வெளியே தெரிந்தது. மேலிருந்து பார்த்தால் குழாய் புதிது மாதிரிப் பளபளவென்று இருந்தது. டோர்ச் அடித்து, விரலால் முழு நீளத்தையும் தடவிப் பார்த்தபோதுதான் பட்டது. மாதம் ஒருமுறை அப்படித் தடவிப் பாருங்கள். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் சவர்க்கார நுரையை ரெகுலேட்டரிலும் குழாயின் இரண்டு முனைகளிலும் பூசுங்கள், குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி பற்றவைத்துப் பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள், அவர்களை என்ன சொல்ல! குழாயை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தரமுத்திரை பார்த்து வாங்குங்கள். இரவில் அடுப்புக் குமிழை மட்டுமில்லாமல் சிலிண்டரிலும் மூடிவிட்டுப் படுங்கள். சிலிண்டரைச் சரித்து வைத்துச் சமைக்கவே கூடாது, வாயு வரவேண்டிய இடத்தில் திரவம் வந்துவிடும்.

ரெகுலேட்டரடியில் சுவாலை வந்துவிட்டால்? கைக்கு எட்டினால், ஈரத் துவாயைக் கையில் சுற்றி வால்வை மூடுங்கள், தானாக அணையும். எட்டாவிட்டால் விட்டுவிட்டு வெளியே வாருங்கள். வால்வு திறந்திருக்கச் சுவாலையை மட்டும் அணைத்தால் வாயு வீடு முழுக்கப் பரவும், அது இன்னும் மோசம்.

எங்கள் வீட்டில்தான் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, கரண்டால் தீப்பிடிக்குமா?

பிடிக்கும். இது என் தொழில், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது ஒன்றைத்தான்: போன கரண்ட் முழுதும் திரும்பி வருகிறதா. வழியில் ஆள் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ 30 மில்லி அம்பியர் அளவு ஒழுகினால் விழும். வயரில் பாரம் கூடினால் அதற்குக் கவலையில்லை, அதைப் பார்ப்பது பக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன பிரேக்கர்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை இரண்டுமே பார்ப்பதில்லை: லூஸ் கனெக்‌ஷன். ப்ளக் பொயின்டுக்குள் ஸ்க்ரூ தளர்ந்து, வயர் பட்டும் படாமலும் இருந்தால் அந்த ஒரு புள்ளி மட்டும் அடுப்பு மாதிரிச் சுடும். கரண்டின் அளவு சரியாகத்தான் இருக்கும், ஒழுக்கும் இருக்காது, ஒன்றும் விழாது.

ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீட்டில் அக்கா இரண்டு நாளாக "மீன் நாற்றம், எங்கேயென்று தெரியவில்லை" என்று ஃப்ரிட்ஜை இரண்டு தரம் கழுவிவிட்டார். நான் போனது வேறு வேலைக்கு. ரைஸ் குக்கர் போடும் பொயின்டைப் பார்த்தேன், வெள்ளைப் பிளாஸ்டிக்கின் ஒரு ஓரம் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது, ப்ளக்கின் ஒரு கால் கறுத்திருந்தது. மூடியைக் கழற்றினால் உள்ளே வயரின் உறை உருகி ஒட்டியிருக்கிறது. மீனும் இல்லை ஒன்றுமில்லை, சூடேறிய பிளாஸ்டிக் அப்படித்தான் மணக்கும். ஆகவே மீன் வாங்காத நாளில் மீன் மணந்தால் ப்ளக் பொயின்டுகளை மணந்து பாருங்கள். நிறம் மாறியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, "சர்ர்" என்று சத்தம் வந்தாலோ மெயினை நிறுத்திவிட்டு வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ட்ரிப் சுவிட்சில் "டெஸ்ட்" பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்குங்கள். விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய அலங்காரம்.

மல்ட்டி ப்ளக்கில் எத்தனை சாமான் போடலாம்?

எத்தனை என்பதல்ல, எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் கணக்கு. 13 அம்பியர் பொயின்ட், 230 வோல்ட், பெருக்கினால் 2,990 வாட்ஸ். அதுதான் எல்லை. தண்ணி கொதிக்கவைக்கும் கேத்தல் 2,000, அயன் 1,000, ரைஸ் குக்கர் 700. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பும் அவசரத்தில் மூன்றையும் ஒரே மல்ட்டி ப்ளக்கில் போட்டால் 3,700. போன் சார்ஜர் பத்துப் போட்டாலும் இந்த அளவு வராது. சூடாக்குகிற சாமான் எதுவானாலும் சுவரில் நேரடியாக, ஒரு பொயின்டில் ஒன்று.

2018 முதல் கடையில் புதிதாக விற்கவேண்டியது 13 அம்பியர் சதுரக்கால் ப்ளக்தான். ஆனாலும் வீடு முழுக்கப் பழைய உருண்டைக்கால்கள் கிடக்கின்றன, அவற்றைச் சதுர பொயின்டில் நுழைக்க நாம் கண்டுபிடித்த வழி மேல் ஓட்டையில் ஈர்க்கையோ பேனையையோ குத்துவது. நுழைந்துவிடும், ஆனால் இறுகாது. மேலே சொன்ன லூஸ் கனெக்‌ஷனை நாமே கையால் செய்கிறோம். ப்ளக்கை மாற்றிவிடுங்கள்.

கரண்ட் போனால் குப்பி விளக்குத்தான். அதில் என்ன கவனிக்கவேண்டும்?

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் பரணில் கிடந்ததெல்லாம் கீழே இறங்கியது. பழைய மருந்துப் போத்தலில் துளையிட்டுத் திரி போட்ட விளக்கு உயரமும் மெலிவும், பூனை தட்டினாலே விழும், விழுந்தால் உருளும், உருண்டால் மூடி கழரும். இப்படி எரிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர ஒரு விளக்கை வடிவமைத்தார். மார்மைட் போத்தல் இருக்கிறதல்லவா, குட்டையாக, குண்டாக? அதுதான் முன்மாதிரி. தடித்த கண்ணாடி, திருகு மூடி, இரண்டு பக்கம் தட்டை, விழுந்தாலும் உருளாது. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அது கிடைக்காவிட்டால் வெற்று மார்மைட் போத்தலின் குட்டைத்தனத்தையாவது நினைவில் வையுங்கள். எரிந்துகொண்டிருக்கும்போது எண்ணெய் விடாதீர்கள். நுளம்புவலைக்குள் கொண்டுபோகவே வேண்டாம். சார்ஜ் லைட் வாங்க வசதி இருந்தால் இந்தப் பந்தியே உங்களுக்குத் தேவையில்லை.

பெற்றோல் கொஞ்சம் கானில் வைத்திருக்கிறோம், 2022 மாதிரிப் பிறகும் பெற்றோல் வரிசை வந்தால் என்று.

அந்தப் பயம் எனக்கும் போகவில்லை. ஆனால் வீட்டுக்குள் வேண்டாம். பெற்றோல் எவ்வளவு குளிரிலும் ஆவி விடும், அந்த ஆவியும் நிலத்தோடு ஊர்ந்து அடுப்படிக்குப் போகும். சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தால் தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடிக்கிற ஆபத்து வேறு.

சாமியறை விளக்கும் நுளம்புத்திரியும்?

விளக்கை ஒரு தண்ணீர்த் தட்டத்தில் வையுங்கள், மேலே திரையோ மாலையோ தொங்கக்கூடாது. நுளம்புத்திரியைக் கட்டிலுக்குக் கீழே வைக்கிற பழக்கத்தை விடுங்கள். படுக்கை விரிப்பின் ஓரம் தொங்கி அதில் பட்டால் சுவாலையே இல்லாமல் மணிக்கணக்காகப் புகையும், உறக்கத்தில் தெரியாது.

தீயணைப்புக் கருவி வாங்கவேண்டுமா? எது?

வாங்கினால் நல்லது. வீட்டுக்கு ஏபிசி பவுடர் கருவி போதும், மரம், துணி, பெற்றோல், கரண்ட் சாமான் எல்லாவற்றுக்கும் சரி. காபனீரொட்சைட்டுக் கருவி கரண்ட் சாமான்களுக்கு நல்லது, விலை கூட. எண்ணெய்ச் சட்டிக்கு இரண்டையும் விட மூடிதான் நல்லது. 2 கிலோ பவுடர் பத்துச் செக்கன் அளவில் தீர்ந்துவிடும், ஆகவே சுவாலையைப் பார்த்து அடிக்காமல் அடியைப் பார்த்து, பக்கவாட்டில் வீசி அடியுங்கள், உங்கள் முதுகுப் பக்கம் வாசல் இருக்கட்டும். அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள், எரியும்போது எப்படி எடுப்பீர்கள்? கருவியில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று இடைக்கிடை பாருங்கள். கருவி இல்லாத வீட்டில் ஒரு வாளி மணலும் ஒரு பழைய பருத்திப் போர்வையும் இருந்தாலே போதும், நைலோன் போர்வை மட்டும் வேண்டாம்.

உடுப்பில் தீப்பிடித்தால்?

ஓடவேண்டாம். முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்து உருளுங்கள், பார்ப்பவர் போர்வையால் சுற்றி அமுக்குங்கள். சமைக்கும்போது நைலோன் நைட்டியும் தொங்குகிற துப்பட்டாவும் கூடாது.

சுட்ட காயத்துக்கு என்ன பூசுவது?

ஒன்றும் பூசாதீர்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், முட்டை, மை, எல்லாவற்றையும் பூசியபடி ஆட்கள் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஓடுகிற குழாய்த் தண்ணீரில், குழாய் இல்லை என்றால் கிணற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். வீங்க முன்னர் மோதிரம், காப்பைக் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியை இழுக்காதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி வைத்தியசாலைக்கு. குழந்தை என்றாலோ, முகம், கை, மூட்டு என்றாலோ, புகை குடித்திருந்தாலோ சின்னக் காயம் என்று நினைத்து வீட்டில் வைத்திருக்கவேண்டாம்.

வளவு கூட்டிய குப்பையை எப்போது எரிக்கலாம்?

எரிக்காமல் புதைத்தால் தென்னைக்குப் பசளை. எரித்தே ஆகவேண்டும் என்றால் கச்சான் நாட்களில் மட்டும் வேண்டாம். நான் சொல்வது தின்கிற கச்சானை அல்ல, ஜூன், ஜூலையில் மலைப்பக்கமிருந்து இறங்கி வந்து நம்மை வறுக்கிற கச்சான் காற்றை. வெயில் 38 பாகையைத் தொடும், தென்னோலை நொறுங்கும், கிடுகு வேலி பஞ்சு மாதிரி ஆகிவிடும். ஒரு தணல் பறந்தால் நாலு வளவு தாண்டித்தான் விழும். அடுப்புச் சாம்பலையும் அப்படியே வேலியோரம் கொட்டாதீர்கள், பொச்சுமட்டைத் தணல் மறுநாள் காலையிலும் உள்ளே உயிரோடு இருக்கும். தண்ணீர் தெளித்துக் கொட்டுங்கள்.

கூரையில் சோலார் இருக்கிறது, மெயினை நிறுத்தினால் போதுமா?

போதாது. வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து இன்வேர்ட்டர் வரை வரும் வயரில் கரண்ட் இருக்கும். சோலாருக்கான தனிச் சுவிட்ச் எது என்று பொருத்தியவரிடம் கேட்டு அதில் எழுதி ஒட்டுங்கள், தீயணைப்புப் படையினர் வந்தவுடன் "மேலே சோலார்" என்று முதலில் சொல்லுங்கள்.

தீயணைப்புப் பிரிவு ஆட்கள் ஊருக்கு வந்து சொல்லித்தருவார்களா?

கேட்டுப் பாருங்கள். சங்கத்தின் பெயரில் மாநகர ஆணையாளருக்கு ஒரு கடிதம் எழுதி, கிராம சேவகரையும் சேர்த்துக்கொண்டு போங்கள். வருவதாகச் சொன்னால் ஒரு நிபந்தனை வையுங்கள்: பிரதம விருந்தினர் பேச்சைச் சுருக்கி, பெண்களின் கையில் கருவியைக் கொடுத்து அடிக்கவிட வேண்டும். எங்கள் சங்கத்தில் அப்படி ஒரு நாள் நடந்தபோது ஒரு பெரியம்மா முதலில் முன்னுக்கு வந்தார். தகர டப்பாவில் நெருப்பு எரிகிறது, அவர் பிடியை இரண்டு கையாலும் அமுக்குகிறார், ஒன்றும் வரவில்லை. "இது பழுதுகா தம்பி, வேற ஒண்டு தாங்க" என்று கருவியைத் திருப்பி நீட்டினார். பாதுகாப்புப் பின்னை இழுக்கவேண்டும் என்று நாங்கள் ஒருவருமே அவருக்குச் சொல்லவில்லை.